பழைய தாள், பழைய படம், பிள்ளைகளின் கைவேலை: குமரி மாவட்டத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நூலகத்திலோ சர்ச் ஹாலிலோ கோவில் மண்டபத்திலோ சொந்த வீட்டு வராந்தாவிலோ பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கைவேலை சொல்லிக்கொடுக்க நினைக்கிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். பழைய தாள்தானே, காசு செலவில்லை என்று நம்பி இறங்குவார்கள். சில வாரங்களில் அறையின் மூலையில் தாள் மலையாகக் குவியும், ஈர வாடை அடிக்கும், இடம் கொடுத்தவர் முகம் சுளிப்பார், வகுப்பு நின்றுபோகும்.

நான் இதைத் தொடங்கியபோது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைக்கவில்லை. பூ செய்வது, பெட்டி செய்வது எப்படி என்று காட்டும் காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன. தாளை எங்கே வாங்குவது, எதைத் தொடவே கூடாது, யாரிடம் எப்போது கேட்பது, எந்த மாதத்தில் எந்த வேலை என்பதை யாரும் சொல்வதில்லை. நான் தட்டுத்தடுமாறிக் கற்ற அந்தப் பகுதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

இடவப்பாதியில் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று என்று நமக்கு வருடத்தில் இரண்டு மழை. தாள் ஈரத்தை உறிஞ்சும் பொருள். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் “ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் போதும்” என்று எழுதியதை நம்பி ஜூலையில் காகிதக் கூழ் போட்டால் இங்கே அது காயாது, பூஞ்சை பிடித்துப் பூத்துப்போகும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் வெயிலே அருமை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் வெயில் இருந்தாலும் உப்புக்காற்று தாளை நமுத்துப்போக வைக்கும்.

ஆகவே கூழ் வேலையை ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் செய்யலாம், ஆனால் காலையிலேயே காயப்போட்டு, மதியத்துக்கு மேல் வரும் கோடை மழைக்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஜூன் முதல் டிசம்பர் வரை மடிப்பது, வெட்டுவது, முடைவது, தைப்பது போன்ற உலர்ந்த வேலைகள் மட்டும் செய்யுங்கள். பசை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

பள்ளி நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் எந்தத் தலைமையாசிரியரும் உங்களுக்கு நேரம் ஒதுக்க மாட்டார். இன்னொன்று, ஓணத்துக்கும் டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். விடுமுறைதானே என்று அந்த நாளில் வகுப்பு வைக்காதீர்கள், பிள்ளைகள் திருவிழாவில் இருப்பார்கள். ஓணத்துக்கான காகிதப் பூக்களையும் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தையும் குறைந்தது மூன்று வாரம் முன்னரே தொடங்கினால்தான் தொங்கவிடும் நாளில் கையில் இருக்கும்.

2. இடம், அனுமதி, கடிதங்கள்

வாய்ச்சொல் போதாது. தெரிந்தவர் கொடுத்த இடமானாலும் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிக்கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், எத்தனை பிள்ளைகள், எந்த வயது, என்ன பொருள் கொண்டு வருகிறீர்கள், முடிந்ததும் சுத்தம் செய்வது யார், மிச்சத் தாளை அன்றே எடுத்துப்போவீர்களா என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். கடைசி இரண்டையும் தெளிவாக எழுதினால் பாதித் தயக்கம் தீர்ந்துவிடும். இடம் கொடுப்பவர்கள் பிள்ளைகளின் சத்தத்துக்குப் பயப்படுவதில்லை. குப்பைக்குத்தான் பயப்படுகிறார்கள்.

அரசுப் பள்ளியானால் தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். “மேலே கேட்டுச் சொல்கிறேன்” என்பதுதான் பெரும்பாலும் முதல் பதிலாக இருக்கும், அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள். மூன்று வாரம் முன்னரே கொடுத்தால் சரியாக இருக்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாயிடமோ தந்தையிடமோ முன்கூட்டிப் பேசி வைத்தால் வேலை எளிது. கிளை நூலகமானால் நூலகரிடம் எழுத்தில் கொடுப்பதோடு வார விடுமுறை நாள் எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோரிடம் வாங்க வேண்டிய ஒப்புதல் சீட்டு தனி. பிள்ளையின் பெயர், வயது, அழைத்துப் போக வருபவர் யார், ஒவ்வாமையோ வீசிங்கோ உண்டா, இவை கட்டாயம். வீசிங் உள்ள பிள்ளையைப் பழைய தாள் பிரிக்கும் இடத்தின் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது. அதோடு மூன்று கேள்விகள்: பிள்ளை வரைந்த படத்தைப் போட்டோ எடுக்கலாமா, பிள்ளையின் முகம் தெரியப் போட்டோ எடுக்கலாமா, பழைய ஓவியத்தை வெட்டிப் பயன்படுத்தலாமா. மூன்றையும் ஒரே வரியில் எழுதாதீர்கள். படத்துக்குச் சம்மதித்து முகத்துக்கு மறுப்பவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை.

வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் பசை காய்ச்சப் போனாலும் இன்னொருவர் பிள்ளைகளோடு இருப்பார். ஆள் இல்லாவிட்டால் அன்று வகுப்பு வேண்டாம்.

3. தாள் எங்கே கிடைக்கும், எவ்வளவு வேண்டும்

சாக்கு நிறைய அள்ளி வராதீர்கள். கணக்கு இதுதான்: 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 4.7 கிராம். ஒரு கிலோவுக்குச் சுமார் 210 தாள் வரும். ஒரு பிள்ளைக்கு ஒரு நோட்டுக்கு 20 தாள் என்றால் இருபது பிள்ளைகளுக்கு 400 தாள், இரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும். முடைவதற்கும் ஒட்டுவதற்கும் இன்னும் இரண்டு கிலோ கலர்த்தாள் இருந்தால் ஒரு கோடை விடுமுறையே ஓடிவிடும். ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தால் தாளின் விலையைவிட ஆட்டோக் கூலி அதிகமாகும். ஒரு கட்டைப்பையில் வைத்துப் பஸ்சில் கொண்டுவரும் அளவே போதும்.

கிடைக்கும் இடங்கள்:

அச்சகம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் சிறு அச்சகங்கள் உண்டு. அழைப்பிதழ், நோட்டீஸ் வெட்டும்போது விழும் ஓரத்துண்டுகளைக் கேளுங்கள். எழுத்தில்லாத புதுத் தாள், நல்ல கனம், பல நிறம். மாலையில், கட்டிங் மெஷின் ஓய்ந்த பிறகு போனால் பேச நேரம் கிடைக்கும். கல்யாண மாதங்களில் துண்டு அதிகம் விழும், அவர்களுக்கு நேரம் குறைவு. அதனால் முன்கூட்டியே ஒரு பையைக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்த வாரம் எடுப்பது நல்ல வழி.

பள்ளி. அரசுத் தொடக்கப் பள்ளிகளின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புகளுக்கு ஆசிரியர்கள் கையால் எழுதி மாட்டிய சார்ட்டுகள் பருவம் முடிந்ததும் கழற்றப்படும். கனமான தாள், பெரிய எழுத்து, படம் எல்லாம் இருக்கும், அட்டைக்கும் நட்சத்திரத்துக்கும் அருமையாக வரும். பழைய விடைத்தாளை மட்டும் கேட்காதீர்கள். அதை அழிப்பதற்குப் பள்ளிக்கென்று நடைமுறை உண்டு. பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் அதில் இருக்கும்.

ஆக்கர் கடை. பழைய பேப்பர் எடுக்கும் கடையில் அவர்கள் எடுக்கும் விலையைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் கூட்டிக் கொடுத்தால் பிரித்தெடுக்க விடுவார்கள். காலையில் லோடு வரும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் எடையில் ஈரமும் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீடுகள். தினசரி காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, முட்டை அட்டை. இங்கேதான் பெரிய சிக்கல். நீங்கள் பழைய தாள் வாங்குகிறீர்கள் என்று ஊருக்குள் தெரிந்துவிட்டால், வீட்டை ஒதுங்கவைப்பவர்கள் எல்லாரும் உங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: இந்த மாதம் காலண்டர் தாள் மட்டும், வீட்டுக்கு ஒரு பை, சனிக்கிழமை காலை மட்டும். மறுப்பதற்குக் கூச்சப்பட்டால் வகுப்பு நடத்த இடமிருக்காது.

4. கொண்டுவந்த அன்றே பிரியுங்கள்

மொத்த வேலையில் மிக முக்கியமானது இதுதான். பிரிக்காத தாளைப் பிள்ளைகள் முன்னால் வைக்கவே கூடாது. பெரியவர்கள் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.

முதலில் எடுத்து ஒதுக்க வேண்டியது ஆவணங்கள். ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒருபக்கத் தாள் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பார்த்ததும் ஆசையாக இருக்கும். ஆனால் கோணலாக விழுந்த ஆதார் நகல், ரேஷன் கார்டு, பத்திரம், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அதற்குள் இருக்கும். எண்ணும் முகவரியும் போட்டோவும் உள்ள தாளில் பிள்ளை ஒரு நோட்டுச் செய்து ஊரெல்லாம் கொண்டுபோகும். ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்து எடுங்கள். எடுத்ததைக் கிழித்து அன்றே வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் பிசைந்துவிடுங்கள். அப்படிப் பிரிக்க நேரமில்லையென்றால் ஜெராக்ஸ் கடைத் தாளே வாங்க வேண்டாம்.

அடுத்தது பில், ஏடிஎம் சீட்டு, பஸ் டிக்கெட். வழவழப்பான அந்தத் தாள் பெரும்பாலும் தெர்மல் தாள். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழும், அதுதான் அடையாளம். அதன் பூச்சில் பிஸ்பீனால் வகை ரசாயனங்கள் இருக்கக்கூடும், கையில் ஒட்டும். சிறு பிள்ளைகள் டிக்கெட்டை விரும்பிச் சேர்ப்பார்கள். அன்பாகச் சொல்லி வாங்கிவிடுங்கள்.

பிளாஸ்டிக் ஒட்டிய அழைப்பிதழ்: ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். மெல்லிய படலம் இழுபட்டால் அது கூழுக்கு ஆகாது, பசையும் பிடிக்காது. நோட்டு அட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பூத்த தாள், கறையான் தின்ற தாள், எலி மூத்திர வாடை அடிக்கும் தாள்: யோசிக்காமல் வெளியே. வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று வைத்திருக்காதீர்கள், ஒரு கட்டு போதும், மற்றதையும் கெடுத்துவிடும்.

இன்னொரு குவியல் உண்டு, அதைப் பற்றி வெளியூர்க் குறிப்புகளில் பார்க்க முடியாது. காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் சாமி படம் இருக்கும், மாதா படம் இருக்கும், வேத வசனம் இருக்கும், பிறைக்குக் கீழே அரபி எழுத்து இருக்கும். நம் வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருவார்கள். தாளில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடும் பிள்ளைகள் அவர்கள். அந்தப் படங்களைக் கத்தரிக்க யார் கையிலும் கொடுக்காதீர்கள். தனியே எடுத்து, கொடுத்த வீட்டுக்கே திருப்பிக் கொடுங்கள். கண்ணீர் அஞ்சலி நோட்டீசும் இந்த வரிசைதான். அதில் உள்ள முகம் வகுப்பில் யாருக்காவது தாத்தாவாக இருக்கலாம்.

கடைசியில் ஸ்டேப்ளர் பின். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்றை வைத்துக்கொண்டு குவியலின் மேல் ஓட்டுங்கள். விரலுக்கும் நல்லது, மிக்ஸி ஜாருக்கும் நல்லது.

மிஞ்சியதை நான்கு பெட்டியில் போடுங்கள்: ஒருபக்கம் வெள்ளை, கலரும் சார்ட்டும், கூழுக்கான செய்தித்தாளும் முட்டை அட்டையும், கனமான அட்டை. இதற்கு மேல் பிரிவு வேண்டாம், அடுக்கவே நேரம் போய்விடும்.

5. பிள்ளைகளின் பழைய ஓவியங்கள்

தாளைப் போல இதைக் கையாளக் கூடாது. வீட்டில் பெரியவர்களுக்கு அது அலமாரியை அடைக்கும் கட்டு. வரைந்த பிள்ளைக்கு அப்படியல்ல. ஒருமுறை ஒரு கட்டிலிருந்து நீலமும் காவியும் அப்பிய ஒரு தாளை, முடைவதற்கு நல்ல நிறம் என்று எடுத்து வைத்தோம். பக்கத்திலிருந்த பையன் அதன் மேல் கையை வைத்தான். “வெட்டாதீங்க அக்கா, இது எனக்க அப்பாக்க வள்ளம்.” உற்றுப் பார்த்தால், நீலத்துக்கு நடுவே வளைந்த காவிக்கோடு, அதன் முனையில் ஒரு சிறு கறுப்புப் புள்ளி. அது படகின் எஞ்சின். அவன் சொல்லும்வரை எங்கள் யாருக்கும் வள்ளம் தெரியவில்லை.

அதனால் முறை இப்படி இருக்கட்டும். வரைந்த பிள்ளையிடமே கட்டைக் கொடுங்கள். மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: அப்படியே இருக்க வேண்டியது, வெட்டலாம், தெரியவில்லை. “தெரியவில்லை” குவியலை அடுத்த விடுமுறைவரை தொடாதீர்கள். பெற்றோர் சம்மதித்துப் பிள்ளை மறுத்தால் வெட்டக் கூடாது. இதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது.

வெட்டும் முன் ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்கள். ஜன்னல் பக்கத்தில், காலை வெளிச்சத்தில், தரையில் வைத்து நேர் மேலிருந்து எடுத்தால் நிழல் விழாது. வைத்துக்கொள்ளும் படங்களின் பின்னால் பென்சிலால் பெயர், வயது, தேதி. பேனா மை மழைக்காலத்தில் முன்பக்கம் ஊறிவிடும்.

இனி ஒரு சின்னக் கருவி. அஞ்சலட்டை அளவு அட்டையின் நடுவே இரண்டு அங்குலச் சதுர ஓட்டை போடுங்கள். அதைப் பிள்ளை தன் படத்தின் மேல் நகர்த்திப் பார்க்கட்டும். முழுப்படத்தில் தெரியாத ஒரு மூலை, இரண்டு நிறம் கலந்த ஓர் இடம், ஜன்னலுக்குள் வந்ததும் தனிப்படமாக நிற்கும். பிடித்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அதை மட்டும் வெட்டினால் வாழ்த்தட்டைக்கும் புத்தக அடையாள அட்டைக்கும் ஆகிவிடும். ஆறு வயதுப் பிள்ளைகூட இதில் மூழ்கிவிடும். அவசரப்படுத்தாதீர்கள்.

எதனால் வரைந்தது என்பதைப் பொறுத்து வேலை மாறும். கிரேயான் மெழுகு, அதன் மேல் பசை நிற்காது. படத்தைக் கவிழ்த்துப் பின்பக்கம் பசை தடவ வேண்டும். கூழில் போட்டால் கரையாமல் திப்பி திப்பியாக நிற்கும். ஸ்கெட்ச் பேனா மை தண்ணீரில் ஊறும், அதனால் ஈரப்பசை தொட்டால் படம் கலங்கிவிடும். பசைக்குச்சியோ நூல் தையலோ போதும். போஸ்டர் கலர் காய்ந்து உதிரும், மடிக்கிற வேலைக்கு எடுக்காதீர்கள். கலர் பென்சில் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். வாட்டர் கலர் ஈரம் பட்டால் கலங்கும். ஜிகினா ஒட்டிய படத்தைக் கூழுக்கு எடுக்கவே வேண்டாம். அந்தத் தூள் பிளாஸ்டிக், கழுவும் தண்ணீரோடு ஓடை வழியே கடலுக்குத்தான் போகும்.

6. பசை

கடையில் வாங்கும் வெள்ளைப் பசை நல்லதுதான். ஆனால் இருபது பிள்ளைகளுக்கு வாங்கினால் மொத்தச் செலவில் அதுதான் பெரிய பங்கு. நம் ஊரில் மரச்சீனி (மரவள்ளி) இருக்கிறது. கிழங்கை அரைத்துத் தெளியவைத்துக் காயவைத்த மாவு ஒரு பங்கு, தண்ணீர் எட்டுப் பங்கு. முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, பிறகு சிறு தீயில் கிளறுங்கள். பால் நிறம் மாறிக் கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கிவிடலாம். கூவைக்கிழங்கு மாவிலும் இதே அளவில் வரும். மைதாவும் ஆகும், ஆனால் பூச்சி விரைவில் வரும்.

காய்ச்சுவது பெரியவர் வேலை. ஆறிய பிறகே பிள்ளைகள் பக்கம் வர வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

ஒரு கடுமையான எச்சரிக்கை: பசை கெடாமலிருக்கத் துரிசு (மயில்துத்தம்) கலக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தோட்டத்துக்கு மருந்தடிக்க வீட்டில் துரிசு இருப்பதால் கை நீளும். அது விஷம். பிள்ளைகள் தொடும் பசையில் ஒரு சிட்டிகையும் கூடாது. அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சினால் எதையும் கலக்க வேண்டியதில்லை.

7. எந்த வயதுக்கு எந்த வேலை

மூன்று முதல் ஐந்து வயது: கிழிப்பதும் ஒட்டுவதும் போதும். கத்தரிக்கோல், கோக்கும் காகித மணி இரண்டும் வேண்டாம். மணியை வாயில் போட்டுவிடுவார்கள்.

ஆறு முதல் எட்டு: முடைதல். இரண்டு பழைய ஓவியங்களை ஒரு விரல் அகல நாடாவாக வெட்டி, ஓலைப்பாய் முடைவது போல ஒன்றின் ஊடே ஒன்றைக் கோத்தால் இரண்டு படமும் கலந்து புதியதொன்று வரும். முதல் நாடா வரிசையை ஓரத்தில் அட்டையோடு ஒட்டிவிட்டால் நழுவாது. வீட்டில் பாட்டி ஓலை முடைந்து பழகியவராக இருந்தால் அவரை ஒருநாள் அழைத்து உட்கார வையுங்கள்.

ஒன்பது வயதுக்கு மேல் நோட்டு. ஒருபக்கம் எழுதிய ஏ4 தாள் 20 எடுங்கள். எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி ஒவ்வொன்றையும் நடுவில் மடியுங்கள். இப்போது ஒவ்வொரு தாளும் வெளியே இரண்டு வெள்ளைப் பக்கம் கொண்ட ஓர் ஏடு. மடிப்பு வலப்புறம், திறந்த ஓரம் இடப்புறம் வரும்படி அடுக்கித் தட்டிச் சீராக்கி, துணிக் கிளிப்பு இரண்டால் பிடியுங்கள். மேலும் கீழும் சார்ட்டிலோ ஓவியத்திலோ வெட்டிய அட்டை. இடப்புற ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே ஐந்து புள்ளி வைத்து, கோணி ஊசியால் பெரியவர் துளை போட வேண்டும். ஒரு மீட்டர் கனமான நூலைக் கோத்துப் பிள்ளை மேலும் கீழுமாகத் தைத்துக்கொண்டு போய், அதே துளைகள் வழியே திரும்பி வந்தால் முடிச்சு ஓரிடத்தில் விழும். நாற்பது பக்க நோட்டு கையில் இருக்கும். மடிப்பை விட்டுத் திறந்த ஓரத்தில்தான் தைக்க வேண்டும், மாற்றித் தைத்தால் எழுதிய பக்கம் வெளியே வந்துவிடும். எல்லாரும் தவறவிடும் இடம் இது.

மணி செய்ய, ஓவியத்தை அடி இரண்டு சென்டிமீட்டர், நீளம் ஒரு முழு ஸ்கேல் அளவு வரும் கூம்பு நாடாவாக வெட்டி, அகலமான பக்கத்திலிருந்து ஈர்க்கில் மேல் இறுக்கிச் சுற்றிக் கடைசியில் மட்டும் பசை வையுங்கள்.

கூழ் பெரிய பிள்ளைகளுக்கான வேலை. செய்தித்தாளைச் சிறிதாகக் கிழித்து ஒரு ராத்திரி ஊறவையுங்கள். முட்டை அட்டையில் எச்சம் ஒட்டியிருக்கலாம், அதனால் கொதிக்கும் தண்ணீர் ஊற்றித்தான் ஊறவைக்க வேண்டும். சமையலுக்கு வேண்டாத பழைய ஜாரில் ஒரு கைப்பிடி தாள், முக்கால் ஜார் தண்ணீர், விட்டுவிட்டு ஓட்டுங்கள். கெட்டியாகப் போட்டால் மோட்டார் சூடாகும். தாள் வார்க்கப் பழைய போட்டோச் சட்டத்தில் கொசுவலை இழுத்து அடித்தால் போதும். கிண்ணம் செய்வதானால் ஊறவைத்து அரைத்த வெந்தயம் சேருங்கள். சுளவு (முறம்) மெழுக நம் பாட்டிமார் சேர்த்ததுதான், கூழை நன்றாகப் பிடிக்கும். வார்த்த தாளை வேட்டித் துணியில் கவிழ்த்து நீரை ஒற்றியெடுத்து, எவர்சில்வர் தட்டின் அடியிலோ கண்ணாடியிலோ ஒட்டிக் காயவைத்தால் ஒருபக்கம் வழவழவென்று வரும்.

செய்தித்தாள் கிண்ணத்தில் தின்பண்டம் வைக்க விடாதீர்கள். அச்சு மை உணவுக்கு ஆகாது. உணவுப் பொருள் பொதிய செய்தித்தாளைப் பயன்படுத்துவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளே தடைசெய்திருக்கின்றன. பென்சில், கிளிப்பு, பூவிதழ் வைத்துக்கொள்ளட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே பலகாரம்.

நட்சத்திரத்துக்குள் குண்டு பல்பு போடாதீர்கள், சூட்டில் தாள் பற்றும். எல்இடி மட்டும்.

8. செலவு

தாளுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. காசு போவது கருவிக்கு: முனை மழுங்கிய கத்தரிக்கோல் இரண்டு பிள்ளைக்கு ஒன்று, இரும்பு ஸ்கேல், கோணி ஊசி, நூல்கண்டு, துணிக் கிளிப்பு, மாவு, சோப்பு. கத்தரிக்கோல்தான் பெரிய செலவு. மலிவானதை வாங்காதீர்கள், சார்ட்டில் நழுவும், பிள்ளை பலம் கொடுக்கும்போது விரல் வெட்டும். ஒருமுறை நல்லதாக வாங்கிவிட்டால் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் நூலும் மாவும் மட்டும்தான். கட்டணம் வாங்குவதானால் முதல் கடிதத்திலேயே அதை எழுதிவிடுங்கள். இலவசமாகக் கொடுத்த இடத்தில் பிறகு காசு வாங்கினால் மனக்கசப்பு வரும்.

நேரத்துக்கும் கணக்கு வேண்டும். ஒன்றரை மணி நேர வகுப்புக்கு முன்னால் பிரிக்கவும் வெட்டி வைக்கவும் அதே அளவு நேரம் ஆகும். கடைசி இருபது நிமிடம் சுத்தம் செய்ய. அந்த நேரத்தில் புது வேலை தொடங்கவே கூடாது.

9. அடுக்கி வைப்பதும் மிச்சத்தை அனுப்புவதும்

மூடியுள்ள பெயின்ட் வாளியோ தகரப் பெட்டியோ நல்லது. சுவரை ஒட்டியும் தரையிலும் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், கறையான் சுவர் வழியாகத்தான் வரும். அந்துருண்டை போடாதீர்கள், மிட்டாய் என்று பிள்ளைகள் வாயில் வைத்தால் ஆபத்து. காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ போட்டு, மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருநாள் எல்லாவற்றையும் வெயிலில் பரப்புங்கள்.

கூழ் வடித்த தண்ணீரைத் துணியில் வடிகட்டித் தென்னை மூட்டில் ஊற்றலாம். நேரே ஓடையில் விட்டால் அடைத்துக்கொள்ளும். எழுத்து மட்டும் உள்ள சாதாரணத் தாள்துண்டுகள் உரக்குழிக்குப் போகும். பசையும் மெழுகும் ஜிகினாவும் ஒட்டியவை ஆக்கர் கடைக்குப் போகாது, குப்பை எடுக்க வருபவரிடம் தனிப்பையில் கொடுங்கள். சுத்தமான மிச்சத்தை மட்டும் கட்டி, எடுத்த கடைக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். பிரித்துக் கட்டிய தாளைப் பார்த்தால் கடைக்காரர் அடுத்த முறை நல்ல கட்டை உங்களுக்கென்று எடுத்து வைப்பார்.